விரல் போனாலும் உரிமை போகாது

கடம்பத்தூர் ஸ்டேஷனில் காலை ஷிப்டுக்கு ரயிலேறும் தோழர்களே, பிரஸ் மெஷினில் கைவிரல் நசுங்கினால், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு, 3 நாளாவது வேலைக்குப் போக முடியாவிட்டால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உண்டு. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

விரலே போய்விட்டதா? சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று மெடிக்கல் போர்டு பார்த்துச் சொல்லும். அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க வரும். மறுபடி வேலைக்குப் போனாலும் நிற்காது. இது பலருக்குத் தெரியாமலே போவதுதான் என் வருத்தம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் நேரும் விபத்துக்கும் 2010-ல் வந்த சட்டத்திருத்தம் முதல் இடம் உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இதே உரிமைதான்.

அடிபட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.