களவாமை நோன்பும் வாடகை வீடும்

(மகாவீரர் பிறந்தநாள் விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, கருவி, உறைவிடம் என்று தானத்தை நான்காக வகுத்துக் காட்டினார். அவை துறவியர்க்குக் கைம்மாறு கருதாது செய்யும் தொண்டு. வாடகைக்கு வீடு விடுதல் அத்தகையதன்று. மாதந்தோறும் பொருள் பெற்றுச் செய்வது வாணிகமேயன்றித் தானம் ஆகாது. ஆகவே வீட்டுக்குரியவர் தம்மைக் கொடையாளர் என்று மகிழ்வதற்கு முன், தாம் நேர்மையான வணிகரா என்று வினவிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டிலிருந்து கிடைக்கின்றது. அங்கே சமணர் பலர் வாழ்கின்றனர். வீடு வாங்கி வாடகைக்கு விடுவோரும் அவர்களுள் உளர். அந்நாட்டு அரசு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை உதவி வழங்கத் தொடங்கியது. 'எட்டாம் பிரிவு' என்று மக்கள் அதனை அழைப்பர். உதவிச் சீட்டுப் பெற்ற குடும்பம் தானே வீடு தேடிக்கொள்கின்றது. கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கைக் குடும்பம் செலுத்தும். எஞ்சிய வாடகையை உள்ளூர் வீட்டுவசதி வாரியம், தான் வகுத்த வரம்புக்கு உட்பட்டு, உரிமையாளருக்கே நேராகச் செலுத்தும். அவ்வகையில் கணக்கிட்ட மாத வருமானம் 1,200 டாலர், வாடகை 1,500 டாலர் என்றால், குடும்பத்தின் பங்கு 360. வாரியத்தின் பங்கு 1,140.

தகுதியுடையோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே இவ்வகை அரசு உதவி கிட்டுகின்றது. பல்லாண்டு காத்திருந்து சீட்டைப் பெறுவோர் மிகப் பலர். பெற்ற பின்னும் வீடு தேட அளிக்கப்படும் தொடக்கக் காலம் குறைந்தது 60 நாள் மட்டுமே. கால நீட்டிப்புக் கிடைக்காது, தகுந்த வீடும் அமையாது போயின், சீட்டு காலாவதியாகும். ஆய்வில் தேறாத ஒரு வீடு, காத்திருக்கும் குடும்பத்தின் நாள்களை விழுங்குகின்றது. வீட்டை முன்னரே ஆயத்தம் செய்தலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

குடும்பம் குடியேறி உதவி தொடங்குமுன் வாரியத்தின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். சமையலறையிலும் குளியலறையிலும் வெந்நீரும் தண்ணீரும் வருதல் வேண்டும். கூரை ஒழுகலாகாது. படுக்கையறைக்குச் சாளரம் வேண்டும். வெளியிலிருந்து எட்டக்கூடிய சாளரங்களுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இயங்குதல் வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயது நிரம்பாத குழந்தை குடியேறுமாயின், உரிந்து உதிரும் வண்ணப்பூச்சை ஈயத் தூசி பரவாத முறையில் சீர்செய்தல் வேண்டும். அத்தூசி குழந்தையின் மூளையைக் கெடுக்கும். உயிருக்கு ஊறு விளைக்கும் குறையை 24 மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்பதும் விதி.

இனி நம் நூலுக்கு வருவோம். உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் களவாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கின்றார். திருடரைத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல் என்னும் முதலிரண்டும் வெளிப்படையானவை. எஞ்சிய மூன்றும் நல்லவர் எனப்படுவோர் வீட்டிலும் நுழையக்கூடியவை.

அரசு விதியை மீறிப் பொருளீட்டுதல் மூன்றாவது. ஒப்பந்தத்தில் 360 டாலர் என்று எழுதிவிட்டு, 'கையில் இன்னும் 100 கொடு' என்று கேட்பதை அந்நாட்டு விதி தடுக்கின்றது. கொடுத்தால் அக்குடும்பத்தின் சுமை நூற்றுக்கு 38 பங்கைத் தாண்டும். வேறு வீடு கிடைக்காதோ என்னும் அச்சத்தால் அவர்கள் கொடுப்பர்; அச்சத்தால் கொடுத்தது மனமொப்பிக் கொடுத்தது ஆகுமோ?

அளவைப் பொய்த்தல் நான்காவது. சாளரமற்ற சரக்கறையைப் படுக்கையறை என்று கணக்குக் காட்டி வாடகையை உயர்த்துதல், படிக்கல்லைக் குறைத்து நிறுத்தலோடு ஒக்கும்.

இழிந்ததை உயர்ந்தது போல் காட்டி விற்றல் ஐந்தாவது. ஒழுகும் குழாயைச் செப்பனிடாது பூஞ்சணம் பிடித்த சுவரின்மேல் வெள்ளையடித்தால் ஆய்வு நாளில் சுவர் பளிச்சிடும். சில திங்களில் கறை மீளும். ஆய்வாளர் அன்று போய்விடுவார். குழந்தைகள் அந்தக் காற்றையே உட்கொள்வர்.

கொல்லாமைக்கும் இங்கே இடமுண்டு. எலியும் கரப்பானும் மலிந்த வீடு ஆய்வில் தேறாது. இல்லறத்தார் ஆரம்ப இம்சையை முற்றும் தவிர்த்தல் அரிது. ஆயினும் குறைத்தல் கடமை. வீடு வெறுமையாக இருக்கும்போதே குழாய் நுழையும் துளைகளை அடைத்து, தொட்டியின் கீழ்க் கசிவை நிறுத்தி, குப்பையை அகற்றி, கதவின் அடி இடைவெளியை மூடிவிட்டால், பின்னர் நஞ்சு வைக்க நேரும் வாய்ப்புப் பெரிதும் குறையும். முன்னே செய்யும் சிறு பணி பின்னே வரும் பல உயிர்க்கொலையைத் தடுக்கும்.

'அரசுப் பணத்தில் வாழ்பவருக்கு இது போதும்' என்னும் சொல் சிலர் வாயில் வருவதுண்டு. அவ்வாறு சொல்பவர் பெறும் வாடகையிலும் பெரும்பங்கு அரசுப் பணமே என்பதை மறத்தலாகாது. முழு வாடகை பெறுபவர் முழு வீட்டைத் தருதல் வேண்டும். குறைத்துத் தந்தது எதுவோ அது களவு. விதி கேட்பதை மட்டும் செய்பவர் ஆய்வில் தேறுவர். தம் பிள்ளைகள் உறங்கத் தகுமா என்று ஒவ்வோர் அறையையும் பார்த்துச் செய்பவரே நோன்பில் தேறுவர்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!