நால்வர் தூக்கி வந்தார்கள்



மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம், கூரையைப் பிரித்து அவரை இறக்குகிறார்கள். நோயாளி ஒரு வார்த்தை பேசியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றே எழுதுகிறார்.

நாம் வாழும் இந்தக் கனடாவில் 2016 முதல் அபின் வகை மருந்துகளும் போதைப்பொருட்களும் உடலில் மிகுந்துபோய் 40,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். "எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை" என்கிறோம். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வரும் அம்மாவின் கைப்பையில் உள்ள ஹைட்ரோமோர்போன் குளிசையும் அந்த வகைதான். நித்திரைக் குளிசையோ மதுவோ அதனுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். போதைக்கு அடிமையாகி, சில வாரம் வைத்தியசாலையில் இருந்து தெளிந்து வரும் மகனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது. முன்பு எடுத்த அதே அளவே இப்போது உயிரைக் குடிக்கும்.

இதனால்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் நலொக்சோன் மருந்தைப் பற்றிப் பல வைத்தியசாலைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்போது குடும்பத்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மூச்சடங்கிக் கிடப்பவர் தம் மூக்கில் தாமே மருந்தை விசிற முடியாது. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத் தாதியிடம் தனியாகக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. வெட்கம்! அதை நம் சமூகம் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

கற்க வேண்டியது அதிகமில்லை. பெயர் சொல்லி உலுக்கியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகிறது அல்லது குறட்டைபோல் இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 911. மல்லாத்திக் கிடத்தி ஒரு நாசியில் விசிறுங்கள். மூச்சு இல்லையேல் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லையானால் மற்ற நாசியில் இன்னொன்று. மூச்சு வந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். எழும்பிவிட்டார் என்று விட்டுப் போகாதீர்கள். நலொக்சோனின் வேலை முடிந்த பின்பும் போதை உடலில் மிஞ்சியிருக்கும், மூச்சு மறுபடி அடங்கலாம்.

பொலிஸ் வருமே என்ற பயத்தில் சிலர் அழைப்பதில்லை. 2017-இல் வந்த நல்ல சமாரியர் சட்டப்படி, சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு அழைத்தவர்மீதோ விழுந்தவர்மீதோ குற்றம் சாட்ட மாட்டார்கள். பாராளுமன்றம் நற்செய்தியிலிருந்து பெயர் எடுப்பது அடிக்கடி நடப்பதில்லை!

இது தவறுக்குத் துணைபோவதாகாதா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். முடக்குவாதமுற்றவரின் பாவங்களை ஆண்டவர் மன்னித்தார். அதற்கு அவர் உயிரோடு அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஒன்ராறியோவில் பல பாமசிகளில் நலொக்சோன் பெட்டியை இலவசமாகவே தருகிறார்கள், வைத்தியரின் துண்டு தேவையில்லை. இந்த வாரமே வாங்கி வையுங்கள். குளிசைகளை அலுமாரியில் பூட்டி வையுங்கள். நலொக்சோனைப் பூட்டாதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.