படலையில் ஒட்டிய அறிவித்தல்



போன கிழமை வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கடதாசியை எடுத்து நீட்டினார். "பிள்ளை, காணியைப் பறிக்கப் போகினமோ?" என்று கேட்டார். வாசித்துப் பார்த்தேன். வளவில் பற்றை மண்டியிருக்கிறது, பழைய மலசலகூடக் குழியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, 14 நாளுக்குள் துப்புரவாக்குங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதியிருந்தார். காணி பறிக்கும் கடிதமல்ல. ஆனால் பயத்தில் 10 நாள் போய்விட்டது.

வருடக் கணக்கில் ஆளில்லாமல் கிடந்த வளவு அப்படித்தான் இருக்கும். அது உங்கள் பிழையல்ல. என்றாலும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும்தான் கேட்கும். உறுதி கனடாவிலுள்ள அண்ணரின் பெயரில் இருந்தாலும் வளவில் இருக்கிற நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே திகதி முடியுமுன் அறிவித்தலோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். எப்போது திரும்பி வந்தீர்கள் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் நாள் வேண்டுமென எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

தண்டம் விதிப்பது நீதவான். வளவுக்கு வருகிற எவர் கையிலும் காசு கொடுக்க வேண்டாம். அழைப்பாணை வந்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் பிடியாணை வரலாம். துப்புரவாக்கிய இடத்தின் படங்களைக் கொண்டுபோங்கள். சோலைவரி நிலுவை வேறு விடயம். அதற்குப் பிரதேச சபையில் தவணை முறை கேட்டுப் பாருங்கள். கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அறிவித்தலுக்குப் பயந்து பற்றைக்குத் தீ வைக்காதீர்கள், பாழ்கிணற்றுக்குள் இறங்காதீர்கள். வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். சொன்ன திகதியையும் அவகாசம் கேட்கும் கடிதத்தில் எழுதுங்கள். அவகாசம் கேட்க அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்த அம்மாவோடு மறுநாளே போனோம். மூன்று கிழமை தந்தார்கள். குழியை மூடிவிட்டார். கிணற்றடியில் இரும்புத் துண்டொன்று கிடந்ததால் அங்கே கயிறு கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்.

உங்களில் யாரிடமாவது இப்படிக் கடதாசி இருந்தால், கூட்டம் முடிந்ததும் கொண்டுவாருங்கள். இருந்து வாசிப்போம்.