நன்னடத்தை அலுவலர் கேட்டு வந்தால்



சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் 16 வயதுப் பிள்ளை ஒருவன் செல்போன் பறிப்பு வழக்கில் சிக்கினான். விசாரிக்க வந்த நன்னடத்தை அலுவலர் நம் அறக்கட்டளையிலும் கேட்டார்: "பையன் எப்படிப்பட்டவன்?" "எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை" என்றோம். ஐந்து வருடம் நம் மதரஸாவில் ஓதியவன்! பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான், வேறென்ன?

18 வயது நிரம்பாதவர் வழக்கில் சிக்கினால், 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அங்கே முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். என்ன செய்தான் என்பதைப் போலீஸ் சொல்லிவிடும். ஏன் செய்தான், மறுபடியும் செய்வானா என்பதற்குக் குழுமம் இந்த அறிக்கையைத்தான் பார்க்கிறது. படிப்பு நின்றது ஏன், கூட்டாளிகள் யார், போதைப் பழக்கம் உண்டா, வீட்டில் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவான் என்றெல்லாம் விசாரிப்பார்கள். இங்கிலாந்தில் பல வருடம் இவற்றுக்கு மார்க்கே போட்டார்கள். 12 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நம் நாட்டில் படிவம் உண்டு, மார்க் கிடையாது. அதனால் அக்கம்பக்கத்தார் வார்த்தைக்கு எடை அதிகம்.

சிறாருக்கு ஜாமீன் தருவதே விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளின் சகவாசம் சேரும், பிள்ளைக்கு ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். "கவனிக்க வெளியே யாரும் முன்வரவில்லை" என்று அறிக்கையில் ஏறியது. அது எங்கள் வாயால் வந்தது. பையன் ஒரு மாதத்துக்கு மேல் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். பரீட்சையும் போயிற்று.

அதற்காக "என் மகன் தங்கம்" என்று மூடி மறைப்பதும் உதவாது. போதை மாத்திரைப் பழக்கத்தை அவன் தாயார் மறைத்தார். சிகிச்சைக்கு அனுப்பும் யோசனையே எழாமல் போனது. சிறாரின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்டவர் நம்மில் ஒருவர்தான்.

இப்போது அவன் சிகிச்சைக்குப் போகிறான், ஏசி மெக்கானிக் கடையில் வேலை பழகுகிறான். தனித்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். இனி அலுவலர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லவும், பிள்ளைக்குப் பொறுப்பேற்கவும் நிர்வாகத்தில் இருவரை நியமித்துள்ளோம். இஷாவுக்குப் பின் அலுவலகத்தில் இருப்பார்கள். பெற்றோர் தயங்காமல் வரலாம். விஷயம் அந்த அறையைத் தாண்டாது.