பிள்ளைகள் கேட்கும் இசைத்தட்டுகள்



டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சிறு பூசல் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஹிப் ஹாப் என்றும், மின்னணு இசை என்றும், பாப் என்றும் எதையோ காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பெற்றோர் 'இது வெறும் இரைச்சல்' என்று தீர்ப்புக் கூறிவிட்டுத் தங்கள் கச்சேரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒருவர் கேட்பதை மற்றவர் முழுமையாகக் கேட்டதில்லை. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழில் பேசும் வாய்ப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் உண்டு. அங்கே பேசுவதற்கு ஒரு பொருள் குறைந்தாலும் நட்டம் சிறிதன்று. ஆகவே இன்று சில இசைத்தட்டுகளைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் மும்பையிலேயே பிறந்த ஒன்று. சரண்ஜித் சிங் என்பவர் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்தவர். 1982-ஆம் ஆண்டில், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளே அவருடைய பக்கவாத்தியங்கள்: தாளத்துக்கு ஒன்று, சுரங்களுக்கு ஒன்று, கீழ்ஸ்தாயிக்கு ஒன்று. இந்த மூன்றாவது கருவி, தனியே கித்தார் பழகுவோருக்குத் துணையாகச் செய்யப்பட்டது. கடையில் விலை போகாமல் சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுவிட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் இயல்பு அதற்கு உண்டு. ராகம் அறிந்த ஒருவர் கையில் அக்கருவி சேர்ந்தது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து இளைஞர்கள் அதே கருவியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையை உருவாக்கி, அதன் முதல் தட்டாகப் பலராலும் கருதப்படுவதை வெளியிட்டது 1987-இல். சரண்ஜித் சிங்கின் தட்டோ அதற்கு ஐந்தாண்டு முந்தியது. அன்று அதை வாங்குவாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-இல் அவர் காலமானார்.

கர்நாடக இசையில் பழகிய செவிக்கு இத்தட்டு அந்நியமன்று. பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். கலாவதி நம் வலஜி. மேக மல்ஹாரில் மத்தியமாவதியின் சாயல். கேட்டுக்கொண்டே பெயர் சொல்லிவிடலாம். ஆயினும் குறை ஒன்று உண்டு. லலித் விடியற்காலைக்குரியது, மேக மல்ஹார் மழைக்குரியது. இங்கே இரண்டும் ஒரே தாளப் பொறியின் மேல் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ராகத்தின் உருவம் இருக்கிறது. அதன் பொழுது இல்லை. பத்தையும் ஒருங்கே கேட்பதைவிட நாளைக்கு இரண்டாகக் கேட்பது நலம்.

அடுத்தது ஹிப் ஹாப். 'பாட்டே இல்லை, வெறும் பேச்சு' என்பது இதன்மீது வழக்கமாகக் கூறப்படும் குற்றம். அருணகிரியாரின் சந்தத்தையும் கொன்னக்கோலையும் உடைய நாம் இக்குற்றத்தைச் சொல்வது பொருந்தாது. கென்ட்ரிக் லமார் 2017-இல் வெளியிட்ட 'டாம்' என்னும் தொகுப்பு 2018-இல் புலிட்சர் இசைப் பரிசைப் பெற்றது. அதுவரை செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த பரிசு அது. இறுதிப் பாடலில் ஒரு கதை வருகிறது. கோழிக்கறிக் கடையில் வேலை பார்த்த ஒருவர், கொள்ளையடிக்கக் கருதி வந்த இளைஞனுக்கு இலவசமாக உணவு கொடுத்து நட்பாக்கிக்கொண்டு உயிர் தப்புகிறார். அந்தக் கடைக்காரர் லமாரின் தந்தை; அந்த இளைஞனே பிற்காலத்தில் லமாரின் பாடல்களை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர். கதை முடிந்ததும் ஒலி பின்னோக்கி ஓடி முதற்பாடலின் தொடக்கத்துக்கே வந்து நிற்கிறது. வசைச் சொற்கள் இதில் மிகுதி. சிறு குழந்தைகள் உள்ள கூடத்தில் இதை ஒலிக்கச் செய்ய நாம் சொல்லமாட்டோம். பதினாறு வயதுப் பிள்ளை இதைக் கேட்கிறான் என்றால், அவனோடு அமர்ந்து பொருள் கேட்டறிவது தக்கது.

இனி, பிறர் இசையிலிருந்து துண்டு எடுத்துக் கோத்துக்கொள்ளும் வழக்கம். இது ஹிப் ஹாப்பின் பிறவிக் குணம். இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் தள்ளுவது எமக்கு உடன்பாடன்று. ஆனால் பெயர் சொல்லாமல் எடுப்பது வேறு. 2002-இல் 'ட்ரூத் ஹர்ட்ஸ்' என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டில், பப்பி லஹிரி இசையமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய இந்தித் திரைப்பாடலின் பகுதி ஒன்று வெளிப்படையாகவே ஒலித்தது. லஹிரியின் பெயரைக் குறிப்பிடாமல் அத்தட்டை விற்கலாகாது என்று 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடுத்தது. இழப்பீட்டுத் தொகையைவிட இந்தப் பெயர்க் கட்டளையே நமக்குப் பெரிதாகப்படுகிறது.

இளையராஜாவின் இசையும் இவ்வாறு கடல் கடந்திருக்கிறது. 'பிளாக் ஐட் பீஸ்' குழுவினரின் 'எலிஃபங்க்' என்னும் 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பில், 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப்பாடல் ஒன்றின் துண்டு வருகிறது. எமக்கு அது ஒரு விருந்தில் வைத்த ஊறுகாய் போலவே தோன்றுகிறது: சுவைதான், ஆனால் இலையின் ஓரத்தில்.

எம்.ஐ.ஏ. என்னும் கலைஞரின் 'கலா' அப்படியன்று. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகச் சென்றவர் அவர். 2007-இல் வந்த இத்தொகுப்புக்குத் தம் தாயின் பெயரை இட்டார். அமெரிக்காவுக்குள் நுழைய விசா தடைப்பட்டதால், பல நாடுகளில் அலைந்து ஒலிப்பதிவு செய்தார்; அவற்றுள் சென்னையும் ஒன்று. அங்கே பதிவான உறுமி முழக்கம் ஒரு பாடலையே தாங்கி நிற்கிறது. முதற்பாடலில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலிக்கிறது. வந்தேறிகளைக் கள்வராகப் பார்க்கும் கண்ணைக் கேலி செய்யும் 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டும் இதில்தான் உள்ளது. அதன் துப்பாக்கியொலியை மட்டும் கேட்டு அஞ்சியவர் பலர். சில பாடல்கள் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப அடித்துச் சலிப்பூட்டுவதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் இன்று கூறிய தொகுப்புகளுள் ஒன்றையே வாங்குவதென்றால் இதையே வாங்குவோம்.

முதற்பாடல் முடிந்தவுடன், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் பாடிய 1991-ஆம் ஆண்டு மூலப்பாடலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். உறுமி எந்த ஊர்த் திருவிழாவில் முழங்குவது என்று அவர்கள் கேட்கக்கூடும்.