சந்திக்கப் போகுமுன் சற்றே அமர்வோம்

(பங்கின் வெள்ளி விழாவையொட்டி, நோயாளர் சந்திப்புக் குழுவினருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலி முடிந்ததும் நீங்கள் இருவர் இருவராகப் புறப்படுகிறீர்கள். சிலர் வீடுகளுக்கும், சிலர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் தங்கியிருப்போரைக் காணவும் செல்கிறீர்கள். பழம், செபமாலை, ஆறுதல் வார்த்தை எல்லாம் கொண்டுபோகிறீர்கள். இவற்றோடு இன்னொன்றும் உங்களோடு கூடவே போகிறது. அது உங்கள் மனநிலை. நோயாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். குருவான புதிதில் ஒரு மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் பதினொரு கட்டில்களைச் சுற்றி வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு! ஒரு நாள், இதய நோயால் படுத்திருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் உட்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குறதப் பார்த்தா எனக்குப் படபடன்னு வருது" என்றார். ஆறுதல் கொடுக்கப் போன நான் அவருடைய படபடப்பைக் கூட்டிவிட்டு வந்தேன். பூந்தமல்லிக் குருமடத்தில் நாள்தோறும் காலையில் தியானத்துக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தில் பாதியை நான் தூங்கியே கழித்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடனைத்தான் பெரியவர் கேட்டு வாங்கினார் போலும்.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1545-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்தார். அதற்கு முன் முத்துக்குளித்துறையிலும் திருவிதாங்கூரிலும் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனவர் அவர். இங்கே வந்து ஊர் ஊராக ஓடினாரா? இல்லை. ஏறத்தாழ நான்கு மாதம் பங்குக் குருவோடு தங்கி, திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே செபித்தார். அடுத்து எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை. மலாக்காவுக்குப் போவதே இறைவனின் விருப்பம் என்ற தெளிவு அந்தச் செபத்தில் பிறந்தது என்று மே மாதம் இங்கிருந்தே கடிதம் எழுதினார். மறு ஆண்டு அம்போன் தீவில், ஸ்பானியக் கப்பல்களில் வந்து நோயுற்றுக் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்ததும் அவரே. சாந்தோம் பேராலயத்தில் கல்லறையைத் தரிசிக்க நாமும் போகிறோம். மெழுகுதிரி ஏற்றிவிட்டு ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம்!

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நம் சமயத்தவர் அல்லர். யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1888-ல் பிறந்தவர், ஆழ்ந்த ஸ்ரீவைஷ்ணவர். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துவிட்டு, 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்தார். நோயாளி வந்ததும் நாடி பிடித்துப் பார்த்து, வயது, தொழில், உடல்நிலை எல்லாம் அறிந்த பிறகே பயிற்சி சொல்வார். எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது அவரிடம் கிடையாது. அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். தந்தையின் கலையில் அவருக்கு நாட்டமில்லை. ஒரு நாள் நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து தந்தையை மகிழ்ச்சியோடு கட்டிக்கொண்டதைப் பார்த்துத் திகைத்துப்போனார். பல காலமாக மருந்தில்லாமல் தூங்க முடியாதிருந்த அந்த அம்மாள் முதல் நாளிரவு நன்றாகத் தூங்கினாராம். அன்றுதான் தேசிகாச்சாருக்குத் தந்தையிடம் கற்கும் எண்ணம் வந்தது. ஆனால் பிறருக்குச் சொல்லித்தரத் தந்தை உடனே அனுப்பிவிடவில்லை. முதலில் மகனே பயில வேண்டியிருந்தது. 1976-ல் அந்த மகன் தொடங்கியதே மந்தைவெளியில் இருக்கும் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்.

1984-ல், தொண்ணூற்றாறு வயதில், பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையில் இருந்தபடியே தமக்கென ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டு செய்தார் என்று சொல்கிறார்கள். பிறருக்குச் சொன்னதைத் தம் உடம்பில் செய்து பார்த்தவர் அவர். இறைவனை நினைக்கச் சொல்வாராம். அது இயலாதென்றால் சூரியனை, அதுவும் இயலாதென்றால் பெற்றோரை நினைக்கச் சொல்வாராம். தம் தெய்வத்தை யார் மீதும் திணித்ததில்லை.

"இதெல்லாம் நமக்கு ஆகுமா, சாமி?" என்று சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் மறைந்த அதே 1989-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு மடல் வெளியிட்டது. பிற மரபுகளின் முறைகளை முற்றாகத் தள்ளவேண்டியதில்லை, ஆனால் உடல் தளர்வதால் வரும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கலாகாது என்று அம்மடல் கூறுகிறது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மூச்சு சீரானால் நாம் புனிதராகிவிட மாட்டோம். பிறர் பேசுவதைக் கேட்கும் நிலைக்கு வருவோம், அவ்வளவே. ஆனால் நோயாளிக்கு அது பெரிய காரியம்!

கப்பர்நாகூமில் மாலைவரை நோயாளிகளைக் குணமாக்கிய நம் ஆண்டவர், மறுநாள் விடியுமுன் தனியிடம் போய்ச் செபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் பின்னாலேயே ஓடினார். நம் குழுவில் சீமோன்களுக்குக் குறைவில்லை.

ஆகவே செய்யவேண்டியது எளிது. புறப்படுமுன் இருபது நிமிடம் அமருங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம், சம்மணம் கட்டாயமில்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும், இதை உங்கள் நாடியிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு மூச்சோடும் 'இயேசுவே' என்ற ஒரு சொல் போதும். பிறகு, பார்க்கப் போகிறவரின் பெயரை இறைவனிடம் சொல்லுங்கள். மூச்சை அடக்கிப் பார்க்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு நலம் தந்தது என்பதற்காக, நோயாளியிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லாதீர்கள். ஆசனம் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம், அது முறையாகக் கற்றவர் வேலை. நாற்பத்தாறு வயதில் எனக்கு எழுதித்தந்த இரத்த அழுத்த மாத்திரையை நான் இன்றும் தவறாமல் விழுங்குகிறேன். தியானமும் செய்கிறேன். ஒன்றுக்கொன்று சண்டையில்லை.

வருகிற வியாழன் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் தொடங்குகிறோம். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாயோ விரிப்போ அவரவர் கொண்டுவாருங்கள். கைப்பேசியை வாசலில் உள்ள கூடையில் போட்டுவிடுங்கள். முதல் கைப்பேசி என்னுடையது.