தன்னைத் தானே வரைந்தவர்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



மலருக்குப் பாடசாலைக் காலப் படம் ஒன்று தரும்படி செயலாளர் கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா அரிசியையும் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்தார். அல்பம் வீட்டிலேயே விடுபட்டுப் போயிற்று. என்னைப்போல இங்கே பலர் இருப்பீர்கள். அதனால்தான் இன்று ஓர் ஓவியரைப் பற்றிப் பேச நினைத்தேன்.

அம்ரிதா ஷேர்கில் 1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை சீக்கியர், தாய் ஹங்கேரியர். தந்தைக்குப் படம் பிடிப்பதில் பெரும் ஈடுபாடு. மகளை விதம்விதமாகப் படம் பிடித்தார். ஆயினும் பாரிஸில் ஓவியம் பயின்ற காலத்தில் அம்ரிதா தன்னைத் தானே திரும்பத் திரும்ப வரைந்தார். பிறர் பிடித்த படம் எத்தனை இருந்தாலும், 'நான் யார்' என்ற கேள்வி அவருக்கு மிச்சமிருந்தது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1934இல், 21 வயதில், தஹிட்டித் தீவுப் பெண்ணாகத் தன்னை வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் போல் கொகான் அத்தீவுப் பெண்களை மேலாடையின்றி வரைந்து பெயர்பெற்றவர். மாநிறப் பெண்ணை அப்படிப் பார்த்தே ஐரோப்பியக் கண் பழகியிருந்தது. அந்த வடிவத்துக்குள் அம்ரிதா தன்னையே நிறுத்தினார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. கண்கள் எங்களைப் பாராமல் அப்பால் பார்க்கின்றன. பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. பார்க்கப்படுபவரும் அவரே, தூரிகை பிடித்தவரும் அவரே.

அந்த ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். அஜந்தா ஓவியங்களைப் பார்த்தார், தென்னாட்டில் பயணம் செய்தார். 1937இல் மணப்பெண்ணின் அலங்காரம், பிரமச்சாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்தவர் என்று தனக்கே உரிய பாணியில் வரைந்தார். 1941இல் லாகூரில் இறந்தபோது வயது 28 மட்டுமே. 1976இல் இந்திய அரசு அவரது ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது.

வைத்தியரான நானும் நாள்தோறும் மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒருநாள் கிளினிக்கில் ஓர் அம்மாவின் கொப்பியில், 'வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை' என்று எழுதினேன். "காலை மட்டும்தான் எழுதுறியளோ டொக்டர்? நான் நல்லாத் தைப்பன், அதையும் எழுதுங்கோ" என்றார். எனக்கு வெட்கமாகிப் போயிற்று.

வன்னிப் பெண்களைப் பிறர் நிறையவே படம் பிடித்திருக்கிறார்கள். முகாம் வரிசையில், தண்ணீர் வாளியோடு, கம்பி வேலிக்குப் பின்னால். அவை பொய்ப் படங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் நாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தங்கச்சிமாரே, இன்றிரவு கண்ணாடிக்கு முன் அரை மணித்தியாலம் இருந்து உங்களை வரையுங்கள். சித்திரத்தில் புள்ளி குறைந்தவர்களும் வரையலாம். வடிவாக வரவேண்டும் என்றில்லை. வரைய வராதவர்கள் எழுதுங்கள்.

செயலாளர் எனக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பென்சில் படம் இருக்கும். இரட்டைப் பின்னலோடு மரத்தடி வகுப்பில் இருக்கும் 15 வயதுப் பிள்ளை. ஞாபகத்திலிருந்து நானே வரைந்தது. மூக்குச் சரியாக வரவில்லை. ஆனாலும் அது நான்தான்.